0.8 மில்லிமீற்றர்

வத்தேகமவிலிருந்து எந்தப் பக்கம் காரை எடுத்தாலும் சக்கரங்களுக்குக் கடுமையான வேலை காத்திருக்கிறது. பன்விலை, மடுல்கலைப் பக்கம் ஏறினால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைவுக்கு மேல் வளைவு. தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய தாண்டி மகியங்கனைக்கு இறங்கினால் நாடறிந்த 18 வளைவு. கொழும்புக்குப் போவதென்றால் கடுகண்ணாவைக் கணவாய். இவற்றோடு நக்கிள்ஸ் மலைத்தொடரில் மோதிக் கொட்டும் மழை. சமதரையில் வெளித்தெரியாத குறைகளை இந்த வீதிகள் சில நாட்களில் வெளியே கொண்டுவந்துவிடும்.

இதே வீதிகளில் அரை நூற்றாண்டுக்கு முந்திய கார்கள் இன்னமும் ஓடுகின்றன. அவற்றுள் மொரிஸ் மைனர் இலங்கையின் செல்லப்பிள்ளை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகிய காலங்களில், கையிலிருக்கும் காரைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டிய கட்டாயம் இங்கே ஒரு கைத்திறனாக வளர்ந்தது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயார், அந்தக் காருக்கான பாகங்களை இலங்கையில் செய்வித்துக் கொண்டுபோகும் அளவுக்கு அந்தத் திறன் உயர்ந்திருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியிலும் பழைய கார்கள் தங்கள் மதிப்பை நிரூபித்தன.

அத்தகைய ஒரு காரை வைத்திருப்பவருக்கு என்றாவது ஒருநாள் வரும் ஆசையைப் பற்றியது இந்த அத்தியாயம். பழைய இரும்பு ரிம் துருவேறிவிட்டது. பொருத்தமான டயர் கிடைப்பது அரிதாகிவிட்டது. கொழும்பு, பஞ்சிகாவத்தைக் கடைகளில் டொயோட்டா விட்ஸிலிருந்து கழற்றிய 14 அங்குல அலோய் வீல்கள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. மைனரின் சக்கரமும் 14 அங்குலம். இதிலும் நான்கு நட், அதிலும் நான்கு துளை. வீட்டு முற்றத்தில் ஜெக் போட்டுத் தூக்கி, ஹப்பில் வைத்துப் பார்த்தால் சக்கரம் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. பொருந்திவிட்டது என்று கை சொல்கிறது. கணக்கு வேறொன்றைச் சொல்கிறது.

நான்கு துளைகளின் வட்டம்

ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் ஸ்டட்கள் நான்கின் மையங்களையும் தொட்டுக்கொண்டு போகும் ஒரு வட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். கராஜில் இதைப் பிசிடி என்பார்கள். அங்குலத்தில் சிந்தித்த ஆங்கிலப் பொறியியலாளர்கள் மொரிஸ் மைனருக்கு இந்த வட்டத்தின் விட்டத்தை 4 அங்குலமாக வைத்தார்கள், அதாவது 101.6 மில்லிமீற்றர். மில்லிமீற்றரில் சிந்தித்த ஜப்பானியர்கள் தங்கள் சிறிய கார்கள் பலவற்றுக்கு 100 மில்லிமீற்றர் வைத்தார்கள். விட்டத்தில் 1.6 வித்தியாசம் என்றால் ஆரத்தில் 0.8. ஒவ்வொரு ஸ்டட்டும் தனக்குரிய துளையின் நடுவிலிருந்து 0.8 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கிறது.

அப்படியானால் சக்கரம் எப்படி உள்ளே போயிற்று? மைனரின் ஸ்டட் 3/8 அங்குலத் தடிப்பு, அதாவது 9.5 மில்லிமீற்றர். விட்ஸின் துளையோ 12 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்காகப் போடப்பட்டது. துளையில் தாராளமாக இடம் இருப்பதால், பொருந்தாத ஒன்று பொருந்தியது போல் நடிக்கிறது.

தவறு வெளிப்படும் இடம் நட்டின் கூம்பு. சக்கர நட்டின் அடிப்பக்கம் கூம்பாகச் சரிந்திருக்கும். ரிம்மின் துளையிலும் அதே சரிவுள்ள குழி உண்டு. இரண்டும் ஒரே மையத்தில் இருந்தால்தான் கூம்பு சுற்றிலும் படிந்து உட்காரும். மையம் விலகியிருந்தால் ஒரு பக்கம் மட்டுமே தொடும். நட்டை இறுக்க இறுக்க, கூம்பு ஸ்டட்டைச் சக்கரத்தின் நடுவை நோக்கி வளைக்கப் பார்க்கும். நான்கு ஸ்டட்களும் உள்நோக்கி இழுக்கப்படுவதால் சக்கரத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பிணக்குத் தீராது.

சாலையில் ஓடத் தொடங்கியதும், இப்படி ஏற்கெனவே வளைந்து நிற்கும் ஸ்டட்டின் மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பாரம் ஏறி இறங்கும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீற்றர், கிலோமீற்றருக்கு 520 சுற்றுக்கு மேல். வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் போய்த் திரும்பினாலே ஒவ்வொரு ஸ்டட்டும் 10,000 தடவைக்கு மேல் அலைக்கழியும்.

ஓர் இரும்புத் துண்டு ஒரே தடவையில் தாங்கக்கூடிய பாரத்தைவிட மிகக் குறைந்த பாரத்திலேயே, திரும்பத் திரும்ப அசைக்கப்படுவதால் முறியலாம் என்ற உண்மையை மனிதர்கள் பெரும் விலை கொடுத்தே கற்றார்கள். 1842 மே மாதம் பிரான்சின் வெர்சாய் பாதையில் ஒரு ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் மாண்டார்கள். அதன் பின்னர் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர், 1850கள் தொடங்கி ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, எத்தனை சுற்றில் எந்தப் பாரத்துக்கு முறியும் என்று அட்டவணைகள் தந்தார். உலோகக் களைப்பு என்ற துறைக்கு அந்தச் சோதனைகளே அடித்தளம். முறிவதற்கு முன் ஸ்டட் எந்த எச்சரிக்கையும் தராமல் இருக்கக்கூடும். உள்ளே ஒரு மயிரிழை விரிசல் வளர்ந்துகொண்டே இருக்கும். மிஞ்சிய இரும்பு பாரத்தைத் தாங்க முடியாத கணத்தில் ஸ்டட் அறுந்துவிடும்.

ஆகவே முதல் விதி: பிசிடியைத் தையல் நாடாவால் அளக்கக் கூடாது, வேர்னியர் கலிப்பரால் அளக்க வேண்டும். எதிரெதிரே உள்ள இரண்டு ஸ்டட்களில், ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்பு வரை அளந்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் நேராகக் கிடைக்கும். 4 அங்குல வட்டம் மினியிலும் எம்ஜி மிட்ஜெட்டிலும் உண்டு. அந்தக் குடும்பத்து ரிம்களைத் தேடுவது, பொருந்தாத ஒன்றைப் பொருத்தப் பாடுபடுவதைவிட நல்லது.

நட் எதைத் தாங்குகிறது?

காரின் பாரம் நான்கு ஸ்டட்களின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டின் வேலை ரிம்மை ஹப்போடு சேர்த்து நெரிப்பது. அந்த நெரிப்பால் இரண்டு முகங்களுக்கும் நடுவே பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதை எண்களில் பார்க்கலாம். 9.5 மில்லிமீற்றர் ஸ்டட்டில் ஒரு நட்டை 55 நியூட்டன் மீற்றர் முறுக்கில் இறுக்கினால், அந்த முறுக்கில் பெரும்பங்கை மரையின் உராய்வும் இருக்கையின் உராய்வும் தின்றுவிடும். அப்படியிருந்தும் ஸ்டட் ஏறத்தாழ 29,000 நியூட்டன் விசையோடு இழுபடும். அது சுமார் 3 தொன். நான்கு நட்டும் சேர்ந்தால் 12 தொன் நெரிப்பு. ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே உராய்வெண் 0.15 என்று குறைவாகவே வைத்தாலும் 17,000 நியூட்டன் அளவுக்கு வழுக்காமல் பிடிக்கும்.

எதிர்த் தரப்பைப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஒரு முன்சக்கரத்தில் 250 கிலோ இருப்பதாகவும், காய்ந்த தாரில் டயருக்கு 0.8 பிடிப்பு இருப்பதாகவும் கொண்டால், தரை டயரை 2,000 நியூட்டன் விசையோடு பின்னே இழுக்கும். டயரின் ஆரம் 30 சென்ரிமீற்றர். ஸ்டட் வட்டத்தின் ஆரமோ 5 சென்ரிமீற்றர்தான். நெம்புகோல் விதிப்படி அந்த விசை ஸ்டட் வட்டத்தில் ஆறு மடங்காகி, 12,000 நியூட்டனை எட்டும்.

17,000க்கு எதிரே 12,000. பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் மிதமிஞ்சி இல்லை. நெரிப்பு பாதியாகக் குறைந்தால் 8,500 ஆகிவிடும். அப்போது ரிம் ஹப்பின் மேல் நுணுக்கமாக வழுக்கத் தொடங்கும். ஸ்டட் தனக்கு விதிக்கப்படாத குறுக்குப் பாரத்தை ஏற்க நேரும். துரு, தடித்த பெயின்ட், ஹப்பின் முகத்தில் ஒட்டிய மண் ஆகியவை ஆபத்தாவது இதனால்தான். சில பத்துக் கிலோமீற்றரில் அவை நசுங்கி இடம் விட, ஸ்டட்டின் இழுவை தளர்ந்துவிடும்.

மரையில் எண்ணெய் தடவுவதும் கணக்கைக் குழப்பும். உராய்வு குறைந்தால் அதே முறுக்கில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். உலோகம் தன் மீள்தன்மை எல்லையைத் தாண்டி நீண்டுவிடலாம். காரின் திருத்தக் கைநூலில் உள்ள முறுக்கு எண் எந்த நிலைக்குத் தரப்பட்டதோ அந்த நிலையில்தான் செல்லும். இரும்பு ரிம்மை விட அலோய் வீலின் நடுப்பகுதி தடிப்பானது. பழைய ஸ்டட் அதில் போதிய அளவு வெளியே வராது. நட்டுக்குள் மரை பிடிக்கும் நீளம் குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டத்தளவாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீளமான ஸ்டட் போட்டே ஆகவேண்டும்.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. உற்பத்திக்குப் போகும் கடைசிக் கட்டத்தில், கார் மெலிந்து தெரிகிறதென்று உணர்ந்த அவர், மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் செய்து, பாதிகளை விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். பொனட்டின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். அகலம் கூடியதால் உருவம் மட்டும் திருந்தவில்லை. வளைவில் கார் நிற்கும் நிதானமும் கூடியது. மற்றக் கார்கள் பெரிய சக்கரங்களில் உருண்ட காலத்தில் 14 அங்குலச் சக்கரத்தைத் தேர்ந்ததும் அவருடைய திட்டத்தின் ஒரு பகுதி. சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தக் காரில் ஆழ்ந்து எடுக்கப்பட்ட முடிவு.

ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு. ஹப்பில் பதியும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை ஓஃப்செட் என்பார்கள். விட்ஸ் போன்ற முன்சக்கர இயக்கக் கார்களின் ரிம்களில் பதியும் முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கும். பழைய பின்சக்கர இயக்கக் காரில் அதை மாட்டினால் சக்கரம் உள்ளே போய் ஸ்டியரிங் கையையும் மட்கார்டின் உள்முகத்தையும் உரசப் பார்க்கும். அதற்கு மருந்தாக நடுவில் ஸ்பேசர் வைப்பார்கள். தேவைக்கு மேல் தடித்த ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளிவிடும்.

சக்கரம் 25 மில்லிமீற்றர் வெளியே போய்விட்டது என்று வையுங்கள். முதலில், பேரிங் தாங்கும் நெம்புகோல் நீள்கிறது. 2,000 நியூட்டன் பாரம் 25 மில்லிமீற்றர் தள்ளிப் போனால் 50 நியூட்டன் மீற்றர் கூடுதல் வளைவு விசை, கார் ஓடும் நேரமெல்லாம் பேரிங்கின் மேல் இருக்கும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. முன்சக்கரம் திரும்பும் அச்சைக் கீழே தரை வரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் பகுதியின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் பிரேக்கின் இழுப்பு ஸ்டியரிங்கைத் திருகும் கையின் நீளம். வலமும் இடமும் சமமாகப் பிடித்தால் இரண்டு திருகலும் ஒன்றையொன்று அழித்துவிடும். மைனரில் முன்பக்கமும் ட்ரம் பிரேக்தான். ஈரத்திலும் சூட்டிலும் இரு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. சக்கரத்தை வெளியே தள்ளினால் அந்த வித்தியாசம் பெருகி ஓட்டுநரின் கைக்கு வரும். மழை நாளில் 18 வளைவில் இறங்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால், பிரேக்கை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மைதான்.

மைனரின் முன் சஸ்பென்ஷனில் மரையிட்ட ட்ரனியன் என்ற பாகமும் இந்தப் பாரத்தைச் சுமக்கிறது. கிரீஸ் போடாமல் விட்டுத் தேய்ந்தால் அது கழன்று சக்கரமே மடிந்துவிடும் என்பது மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அச்சம். சக்கரம் மாற்றுமுன் அதைச் சோதிக்காமல் இருக்கக் கூடாது.

டயரின் பக்கத்தில் உள்ள எண்கள்

155/80ஆர்14 என்றால் அகலம் 155 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 வீதம், ரிம் 14 அங்குலம். 14 அங்குலத்தை 355.6 மில்லிமீற்றராக்கி, பக்கச்சுவரின் உயரத்தை இருமுறை கூட்டினால் விட்டம் 603.6. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 175/65ஆர்14க்கு இதே கணக்கைப் போட்டால் 583.1. வித்தியாசம் 3.4 வீதம்.

ஸ்பீடோமீற்றர் தரையைப் பார்ப்பதில்லை. கியர்பொக்ஸின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. சிறிய டயரில் முள் 60 காட்டும்போது கார் 58இல் போகும். ஏற்றத்தில் தரையைத் தள்ளும் விசை 3.5 வீதம் கூடும். 948 கனசென்ரிமீற்றரில் 37 குதிரைவலு தரும் எஞ்சினுக்கு மடுல்கலை ஏற்றத்தில் அது உதவிதான். சமதரையில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றி இரையும். பெரிய டயர் போட்டால் எல்லாம் தலைகீழ்: ஏற்றத்தில் இழுவை குறையும், அதே மிதிக்குப் பிரேக்கின் பிடியும் குறையும். டயர் என்பது காரின் கடைசி கியர்.

அகலமான டயர் தரையைக் கூடுதலாகத் தொடும் என்ற எண்ணத்தையும் சோதிக்க வேண்டும். தொடும் பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பது பாரமும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும். சக்கரத்துக்கு 200 கிலோவும் 22 பிஎஸ்ஐ காற்றும் என்றால் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்ரிமீற்றர். விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு கையளவு. அகலமான டயரிலும் அதே அழுத்தம் என்றால் அதே அளவுதான். வடிவம் மட்டும் அகன்று குறுகும். வளைவில் அந்த வடிவத்துக்கு நன்மை உண்டு. தேங்கிய நீரில் கூடுதல் அகலத்து நீரை விலக்க வேண்டியிருப்பதால் தீமை.

நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு உயர்கிறது என்பதை அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களில் கண்டறிந்தார்கள். அவர்களின் சூத்திரப்படி 22 பிஎஸ்ஐயில் அது மணிக்கு 78 கிலோமீற்றர் அளவு. 16க்கு இறங்கினால் 67. காற்றைச் சரிபார்க்க ஆகும் சில நிமிடங்களை மழைக்காலத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

மைனரின் ஆதி ரிம் மூன்றரை அங்குல அகலம்தான். அதில் 175 டயரைத் திணித்தால் பக்கச்சுவர்கள் உள்ளே நெரிந்து, நடுப்பகுதி மட்டும் புடைத்துத் தேயும். 145 அல்லது 155 அந்த ரிம்முக்கு ஏற்றது. அகல டயர் வேண்டுமென்றால் அகல ரிம் வேண்டும். அகல ரிம் வந்தால் ஓஃப்செட் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

நூல் ஓடும் திசை

மைனர் பிறந்த காலத்து டயரில் உள்நூல்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சரிந்து ஓடும். அதைக் குரொஸ்பிளை என்பார்கள். 1946இல் மிஷ்லின் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓட, மேலே உருக்குப் பட்டை சுற்றி இறுக்கும். குரொஸ்பிளையில் பக்கச்சுவர் நெளிந்தால் தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து நெளியும். ரேடியலில் பக்கச்சுவர் நெளிந்தாலும் அடிப்பகுதி தரையில் தட்டையாகவே இருக்கும்; பிடி கூடும், சூடு குறையும்.

இரண்டு ரேடியல் மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது, மற்ற இரண்டும் பழையபடி இருக்கட்டும் என்று நினைப்பவர் கவனிக்க வேண்டும். முன்னால் ரேடியலும் பின்னால் குரொஸ்பிளையும் போட்டால், வளைவில் முன்பக்கம் உடனே திரும்பும், பின்பக்கம் அதற்கு ஈடுகொடுக்காமல் வெளியே வழுக்கும். கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் இந்தக் கலப்பைப் பிரித்தானியச் சட்டம் தடைசெய்திருக்கிறது. நான்கும் ஒரே வகையாக இருப்பதே சரி.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். குறைவாக ஓடும் பழைய காரில் டயர் தேய்வதற்கு முன்பே முதுமை அடைகிறது. காற்றின் ஒட்சிசனும் ஓசோனும் இறப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளைத் தாக்கி, அதை விறைக்கவும் வெடிக்கவும் வைக்கின்றன. டயரின் பள்ளங்கள் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வீட்டு முற்றத்தில்

மலைநாட்டு வீடுகளில் சமமான முற்றம் அரிது. இருந்தாலும் சமமான, கெட்டியான தரை கிடைக்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கியரில் விட்டிருப்பதால் கார் நகராது என்ற நம்பிக்கை பின்சக்கரத்தைத் தூக்கும்போது பொய்த்துவிடும். டிஃபரன்ஷல் இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது; தூக்கிய சக்கரம் காற்றில் பின்னோக்கிச் சுற்ற, தரையிலுள்ளது முன்னோக்கி உருளலாம். ஆகவே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். மைனரின் அடிச்சட்டம் துருப்பிடிக்கும் இடங்களில் ஜெக் வைத்தால் அது உள்ளே புகுந்துவிடும். தூக்கியதும் ஸ்டாண்ட் வைக்காமல் கையை உள்ளே விடக் கூடாது.

ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்துவிட்டு, டயர் இல்லாத வெறும் ரிம்மை முதலில் வைத்துப் பாருங்கள். பிரேக் ட்ரம், ஹப் மூடி, ஸ்டியரிங் கை எதுவும் தொடாமல் கையால் சுற்ற வேண்டும். பிறகு டயரோடு மாட்டி, நட்டுகளை எதிரெதிராக மாறி மாறி இறுக்கி, காரைத் தரையில் இறக்கி டோர்க் ரெஞ்சால் முடியுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, நான்கு பேரை ஏற்றி, மட்கார்டின் உள்ளே உரசல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிம்களில் டியூப்லஸ் டயரின் விளிம்பைத் தடுத்து நிறுத்தும் மேடு இல்லாமலிருக்கலாம். அப்படியானால் உள்ளே டியூப் போடுவதே பாதுகாப்பு. 50 கிலோமீற்றர் அளவில் ஓடியபின் நட்டுகளின் முறுக்கை மறுபடி சோதியுங்கள். நெரிப்பு தளர்வது பெரும்பாலும் அந்த முதல் ஓட்டத்தில்தான்.

இந்த அளவுகளில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த ரிம்மை விட்டுவிடுங்கள். பணத்தைப் பழைய ரிம்களை மணலடித்துப் பெயின்ட் பூசவும், 145 அல்லது 155 ரேடியல் நான்கு வாங்கவும், பிரேக் சிலிண்டர்களைப் புதுப்பிக்கவும் செலவிடுங்கள். இந்த வீதிகளில் அந்தக் காருக்கு அதைவிடப் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை. எல்லாம் பொருந்தினால் தயக்கமில்லாமல் புதிய சக்கரத்தைப் போடுங்கள்; அளந்த எண்கள் அத்தனையையும் ஒரு கொப்பியில் எழுதிக் காரிலேயே வையுங்கள். அடுத்த டயரை வாங்கப்போகும் உங்கள் மகளோ மகனோ ஊகத்தில் தொடங்க வேண்டியிருக்காது.